தொட்டியில் வெள்ளைக் கட்டி போட்டால் ஆமை ஓடு கெட்டியாகாது

வண்ணமீன் கடையில் ஸ்லைடர் ஆமைக்குட்டி வாங்கினால், கூடவே மூன்று பொருட்களைத் தலையில் கட்டிவிடுவார்கள்: ஒரு டப்பா காய்ந்த இறால், ஒரு பிளாஸ்டிக் தீவு, சிப்பி வடிவில் ஒரு வெள்ளைக் கட்டி. "இதத் தண்ணியில போட்டுடுங்க சார், கால்சியம் தானா ஏறிடும்" என்பார்கள். ஏறாது. அந்தக் கட்டி பெரும்பாலும் ஜிப்சம். மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும், அவ்வளவுதான். நம் ஊர் போர் தண்ணீரில் கடினத்தன்மைக்கா பஞ்சம்? ஆமையின் ஓட்டுக்குப் போக வேண்டிய கால்சியம் வாய் வழியாக, சாப்பாட்டோடு போக வேண்டும். போன பிறகும் அது எலும்பில் போய்ச் சேருவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது.

இங்கே எழுதுவதெல்லாம் காதருகே சிவப்புப் பட்டை உள்ள ஸ்லைடருக்கு. நட்சத்திர ஆமை, பால் ஆமை போன்ற நம் மண்ணின் ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஸ்லைடரைப் பொறுத்தவரை, வளர்க்க முடியவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விடுவதுதான் பெரிய பாவம். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த ஆமை இங்குள்ள ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆமைக்கு ஓடு ஒரு சட்டை மாதிரி என்று நினைப்பவர்கள் நிறைய. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றாகச் சேர்ந்ததுதான் ஓடு. மேலே தெரியும் தகடுகள் நம் நகம் போன்ற பொருள். அதற்குக் கீழே இருப்பது முழுக்க எலும்பு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் ஓடாது என்பதால், உடல் அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆமை நன்றாகத் தின்றுகொண்டுதான் இருக்கும். மாதக்கணக்கில் இப்படி எடுத்த பிறகுதான் ஓடு மெத்தென்று ஆகும். அதாவது, ஓடு மிருதுவானதை நீங்கள் கவனிக்கும் நாளில் நோய்க்குப் பல மாத வயது ஆகியிருக்கும்.

கோழிக்கறியின் கணக்கு

முதல் நிபந்தனை பாஸ்பரஸ். உணவில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்குக் குறைந்தது ஒன்றரைப் பங்கு, முடிந்தால் இரண்டு பங்கு கால்சியம் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால், அதிகப்படியான பாஸ்பரஸ் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஏறும் பாஸ்பரஸும் எலும்பைக் கரைக்கச் சொல்லும் சுரப்பைத் தூண்டிவிடும்.

எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 200 மி.கி., கால்சியம் 10 மி.கி.யைத் தாண்டுவதே அபூர்வம். அதாவது இருபதுக்கு ஒன்று, அதுவும் தப்பான பக்கம். ஈரல் இன்னும் மோசம். "நல்லா சாப்பிடுது" என்று தினமும் கோழிக்கறித் துண்டு போட்டு வளர்த்த குட்டிகள்தான் ஓடு வளைந்து மருத்துவரிடம் வருபவற்றில் அதிகம். பொரி, பிரெட், சோறு ஆகியவற்றில் கால்சியம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கோயில் குளத்து ஆமைக்குப் பொரி போடும் பழக்கத்தைத் தொட்டிக்கும் கொண்டுவர வேண்டாம்.

காய்ந்த இறால் விஷயம் கொஞ்சம் வேறு. அதன் மேலோட்டில் கால்சியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதையே முழுச் சாப்பாடாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். அது தின்பண்டம், வாரம் ஒருமுறை போதும். அடிப்படை உணவாக நல்ல ஆமை பெல்லட் (குருணைத் தீவனம்) வேண்டும். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் சதவீதத்தில் போட்டிருக்க வேண்டும், கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். புரதம் மட்டும் பெரிய எழுத்தில் போட்டு மற்றதை மறைத்திருந்தால் அடுத்த டப்பாவை எடுங்கள். மீனுக்கான உணவை ஆமைக்குப் போடுவது அவசரத்துக்கு ஒரு நாள் சரி.

குட்டி வயதில் ஸ்லைடர் புழு, பூச்சி, மீன் என்று அசைவமாகத்தான் தின்னும். வளர வளர இலை தழைக்கு மாறும். நம் ஊரில் கீரைக்குப் பஞ்சமில்லை என்றாலும் எல்லாக் கீரையும் ஒன்றல்ல. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு. பாஸ்பரஸ் அதில் மூன்றில் ஒரு பங்குதான். முள்ளங்கியை வாங்கிவிட்டுக் குப்பையில் போடும் அதன் இலையும் நல்லது. செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலையும் தாராளமாகக் கொடுக்கலாம். அகத்தியில் கால்சியம் முருங்கையைவிடப் பல மடங்கு. அதனால் சிறு கொத்து, வாரம் ஒருமுறை.

ஏமாற்றுவது பாலக்கீரை. காகிதத்தில் கால்சியம் இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகி அப்படியே வெளியேறிவிடும். மனிதர்களுக்கே பாலக்கீரைக் கால்சியத்தில் சுமார் 5 சதவீதம்தான் உடலில் சேர்கிறது. பருப்புக்கீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றிலும் ஆக்சலேட் அதிகம். ஒரு நாள் கிடைத்தால் போடலாம், அதையே நம்பக்கூடாது.

மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி ஸ்லைடருக்குப் பிரியமான தீனி. அது வளரும் தொட்டியில் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே தொட்டியில் விட வேண்டும்.

வெயில் இல்லாமல் எதுவும் நடக்காது

இரண்டாவது நிபந்தனை வைட்டமின் டி3. அது இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை உள்ளே இழுக்காது. எத்தனை கிராம் போட்டாலும் பின்வழியாகப் போய்விடும். ஸ்லைடர் தன் தோலில் வெயிலிலுள்ள யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் படும்போது அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கதிர் பட்டு உருவாகும் முதல் பொருள் டி3 ஆக மாறுவதற்கு உடல் சூடும் தேவை. எனவே வெளிச்சமும் வெப்பமும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.

ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பயனற்றது. சாதாரண கண்ணாடி யு.வி.பி.யை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். "தொட்டி ஜன்னலோரம்தான் இருக்கு, வெயில் நல்லா அடிக்குது" என்பதில் ஆமைக்குக் கிடைப்பது சூடும் பாசியும்தான். தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும் ஆமைக்கும் பலன் குறைவு. மேலே ஏறி உடல் முழுவதும் உலர்ந்து காய இடம் வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் தீவு ஆமையின் எடை தாங்காமல் மூழ்கிப்போகும் நாள் விரைவில் வரும். செங்கல்லோ, கூரை ஓட்டுத் துண்டோ, மரக்கட்டையோ வைத்து மேடு கட்டுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு, மொட்டை மாடி. வாரம் நான்கு நாளாவது காலை எட்டரையிலிருந்து பத்து மணிக்குள் 20 முதல் 30 நிமிடம் நேரடி வெயில் போதும். ஏழு மணி இளவெயில் நமக்குச் சுகம். ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கும்போது யு.வி.பி. மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிட மிக நீளமாக இருந்தால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப்போய் வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும். அகலமான பிளாஸ்டிக் டப், ஓடு மூழ்கும் அளவு தண்ணீர், நடுவில் ஒரு கல், பாதி டப்புக்குத் துணியோ பலகையோ போட்டு நிழல். மேலே கம்பி வலை கட்டாயம், காகமும் பருந்தும் பூனையும் காத்துக்கொண்டிருக்கும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, டப்பின் ஓரத்தைப் பிறாண்டி வெறித்தனமாக ஓடினாலோ சூடு ஏறிவிட்டது. உடனே நிழலுக்கு மாற்றுங்கள். சித்திரை, வைகாசியில் பக்கத்திலேயே நிற்காமல் இதைச் செய்யவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் வெயில் வராவிட்டால் பதற வேண்டாம். ஆமை உடலில் டி3 கொஞ்சக் காலத்துக்குச் சேமிப்பில் இருக்கும்; மேகத்தைத் தாண்டியும் சிறிது யு.வி.பி. வரும். அடுக்குமாடி வீடு, மாடிக்குச் சாவி இல்லை என்பவர்கள்தான் விளக்குக்குப் போக வேண்டும்.

விளக்கு வாங்குவதில் கண்ணைக் கட்டிவிடுவார்கள். மலிவான 25 வாட் ஹாலஜன் பல்பின் பெட்டியில் "யுவிஏ + யுவிபி" என்று அச்சடித்திருக்கும். ஹாலஜனும் குண்டு பல்பும் சூடு தரும், யு.வி.பி. தராது. வேண்டியது ஊர்வனவற்றுக்கென்றே செய்த ஃப்ளோரசன்ட் டியூப்; 5.0 அல்லது 10.0 என்று எண் போட்டிருக்கும். ஆமை காயும் இடத்திலிருந்து 25–30 செ.மீ. உயரம் என்று தொடங்கலாம், கடைசி வார்த்தை அந்தந்தப் பெட்டியில் எழுதியிருப்பதே. இடையில் கண்ணாடி மூடியோ அக்ரிலிக்கோ இருக்கக்கூடாது. கம்பி வலைகூட ஒரு பகுதியை விழுங்கும். தினம் 10–12 மணி நேரம். வெளிச்சம் அப்படியேதான் தெரியும், ஆனால் யு.வி.பி. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் வற்றிவிடும். மாட்டிய தேதியை டியூபின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். காயும் இடம் 32–35 டிகிரி வர ஒரு சாதாரண பல்பைத் தனியாகச் சேர்க்கலாம்.

மீன் தொட்டியில் கிருமி கொல்லப் பயன்படுத்தும் யு.வி. விளக்கு வேறு சாதி. அது யு.வி.சி. அதை ஆமையின் மேல் அடித்தால் கண்ணும் தோலும் வெந்துவிடும், பார்க்கும் உங்கள் கண்ணும் சேர்ந்து. பெயரில் "யுவி" இருக்கிறதே என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பொடியை எப்படி வாய்க்குள் சேர்ப்பது

தரையில் வாழும் ஆமைக்குக் கீரையின் மேல் பொடியைத் தூவினால் வேலை முடிந்தது. ஸ்லைடர் தண்ணீருக்குள்தான் விழுங்கும். தூவிய பொடி ஆமை வாயைத் திறப்பதற்குள் அடியில் போய்ப் படிந்துவிடும். இதற்கு நம் சமையலறையில் நல்ல வழி உண்டு: பொடியை உணவோடு கலந்து கட்டியாக உறைய வைப்பது. நோன்பு நாட்களில் இனிப்பு செய்யும் கடல்பாசி, கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் கிடைக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஜெலட்டின் என்று இருக்கும். ஜெலட்டின் 30 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும். நம் ஊர்த் தொட்டித் தண்ணீரில் குழம்பாகிவிடும். கடல்பாசி ஒருமுறை உறைந்தால் 80 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

தலையும் முள்ளுமாக நெத்திலி அல்லது சிறு ஜிலேபி மீன் 100 கிராம், ஆவியில் வேக வைத்தது. வேக வைப்பதற்குக் காரணம் உண்டு: சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, சூட்டில் அது செயலிழக்கும். உருவிய முருங்கை இலை 80 கிராம். தோல் சீவிய மஞ்சள் பூசணி 40 கிராம், வைட்டமின் ஏ-வுக்காக. மூன்றையும் மிக்சியில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடாது, கருவாடும் கூடாது. 200 மி.லி. தண்ணீரில் 5 கிராம் கடல்பாசியை ஊறவைத்து, முழுவதும் கரையும் வரை கொதிக்க விட்டு அடுப்பை அணையுங்கள். அரைத்த விழுதை அதில் கலந்து, கடைசியாக 2 கிராம் கால்சியம் கார்பனேட் பொடியைச் சேர்க்கவும். விழுது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருந்தால் கடல்பாசி தொட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக உறையும். அறை வெப்பத்துக்கு வரட்டும். பொடி கனமானது, ஊற்றிவிட்டு விட்டால் அடித்தட்டில் சேர்ந்து பாதித் துண்டுகளில் அளவுக்கு மீறியும் பாதியில் ஒன்றுமில்லாமலும் போகும். கெட்டியாகும் வரை கிளறிக்கொண்டே இருந்து பிறகு தட்டில் கொட்டுங்கள். ஒரு செ.மீ. துண்டுகளாக வெட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரும்.

அந்த 2 கிராம் எங்கிருந்து வந்தது? கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். அதாவது 800 மி.கி. இலையும் மீனும் தருவதோடு சேர்த்தால் மொத்தம் ஒரு கிராமைத் தாண்டும், பாஸ்பரஸ் 300 மி.கி.யை ஒட்டி இருக்கும். அதாவது மூன்றுக்கு ஒன்றுக்கும் மேல்; இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைவிட நன்றாகவே கூடுதல். இலைக் கால்சியம் முழுவதும் உடலில் சேராது என்பதால் அந்த இடைவெளி தேவை. டீஸ்பூனை நம்பாதீர்கள், பொடியின் நைசைப் பொறுத்து ஒரே ஸ்பூனின் எடை இரண்டு மடங்கு மாறும். நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தத் துண்டுகளை வாரம் மூன்று நாள், மற்ற நாட்களில் பெல்லட். ஒரு வேளை அளவு ஆமையின் தலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்குத் தினமும், நான்கு அங்குலம் தாண்டிய ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். கீரை எப்போதும் மிதக்கலாம்.

பொடிக்குக் கடையைத் தேட வேண்டியதில்லை. முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான். பத்து நிமிடம் கொதிக்க வைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை உரித்து, வெயிலில் நன்கு காய வைத்து, மிக்சியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்தால் ஆயிற்று. சலிக்காமல் விட்டால் கூரான சில்லுகள் நிற்கும். ஒரு முட்டை ஓட்டில் 5 கிராம் சுமாராகக் கிடைக்கும். இன்னொன்று கணவாய் ஓடு. லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்குமே, அதுதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்கி, முதுகுப்புறமுள்ள கெட்டியான தகட்டைக் கத்தியால் பெயர்த்து எறிந்துவிட்டு, மெத்தென்ற பகுதியை மட்டும் தொட்டியில் மிதக்க விடுங்கள். அந்தத் தகடு உடைந்தால் கண்ணாடிச் சில்லு போல வாயையும் குடலையும் கிழிக்கும். சில ஆமைகள் ஆவலாகக் கடிக்கும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. கடிக்காத ஆமைக்குக் கடல்பாசித் துண்டுதான் வழி.

வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது கால்சியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். துளி கரைந்தாலும் கண்ணையும் வாயையும் புண்ணாக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் கால்சியம் டானிக்கும் வேண்டாம். அவற்றில் பாஸ்பரஸையும் டி3யையும் சேர்த்தே கலந்திருப்பார்கள். நாம் குறைக்கப் பார்ப்பதே பாஸ்பரஸை. நாம் சாப்பிடும் கால்சியம் மாத்திரையிலும் டி3 இருக்கும், அது மனித எடைக்கான அளவு. டி3 அதிகமானால் உடலை விட்டு எளிதில் வெளியேறாது. சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படிய வைக்கும். வெயிலில் காயும் ஆமைக்கு டி3 இல்லாத வெறும் பொடியே சரி.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்து வேண்டாம்

பிறந்து சில வாரங்களே ஆன குட்டியின் ஓடு லேசாக நெகிழும், அது இயல்பு. தகடுகளுக்கு நடுவே வெளிறிய கோடு தெரிவது புது வளர்ச்சி. தகடு மெல்லிய கண்ணாடித்தாள் போல உரிவதும் இயல்பே. ஓட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, காய்ந்தால் மட்டும் தெரிகிறது என்றால் அது போர் தண்ணீரின் உப்பு. பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போகும். கால்சியம் குறைவு என்று இதற்கு மருந்து கொடுப்பவர்கள் உண்டு.

ஆறு மாதம் தாண்டிய ஆமையின் அடிப்புற ஓடு விரலுக்கு அமுங்கினால் அது வேறு விஷயம். ஓட்டின் ஓரம் மேல்நோக்கி வளைவது, தகடுகள் கோபுரம் கோபுரமாக எழும்புவது, தாடை ரப்பர் போல இருந்து பெல்லட்டைக் கடிக்க முடியாமல் துப்புவது, பின்கால் நடுங்குவது, காலை இழுத்து நடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கான கட்டம் முடிந்துவிட்டது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரா என்று முதலிலேயே போனில் கேட்டுக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். கால்சியம் ஊசியை அவர்தான் போட வேண்டும், வேகமாகப் போட்டால் இதயம் நின்றுவிடும்.

பெண் ஆமைக்குத் தனிக் கவனம். ஆண் துணையே இல்லாமலும் முட்டை போடும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் கால்சியம் தன் எலும்பிலிருந்தாவது வர வேண்டும். குறைந்தால் கருப்பையின் தசை சுருங்க வலுவின்றி முட்டை உள்ளேயே தங்கிவிடும். சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பின்காலால் எதையோ தோண்டுவது போல ஓயாமல் அலைந்தால், ஒரு டப்பில் 20 செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் போட்டு அதில் விடுங்கள். அந்தக் காலத்தில் கணவாய் ஓட்டைத் திரும்பிப் பார்க்காத ஆமைகூடத் தேடி வந்து கடிக்கும்.

சிகிச்சையில் இருக்கும் ஆமைக்குத் தொட்டித் தண்ணீரை ஓட்டின் உயரத்துக்குக் குறைத்துவிடுங்கள். வலுவில்லாத காலோடு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும் ஆமைகள் உண்டு. தூக்கும்போது ஒரு கையால் பிடிக்காமல் அடியில் உள்ளங்கை முழுவதையும் கொடுத்துத் தூக்கவும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவும். சால்மொனெல்லா ஆமையின் உடலில் சாதாரணமாகவே இருக்கும். அழுத்தி அழுத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள், அதற்கு வலிக்கும். மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் ஒரு படம், ஒரு எடை போதும். ஓடு கெட்டிப்பட மூன்று நான்கு மாதமாவது ஆகும். வளைந்த ஓரம் வளைந்தபடியேதான் கெட்டிப்படும்.